பாயுமுன் பிடித்த புரதம்

1966-ல் வாஷிங்டன் நகரில் சில மாதக் குழந்தைகளுக்கு ஒரு புதிய தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். ஆர்.எஸ்.வி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சுவாச வைரஸுக்கு எதிரான ஊசி அது. வைரஸை வளர்த்து, ஃபார்மலினில் போட்டுச் செயலிழக்க வைத்து, படிகாரச் சேர்மத்தோடு கலந்து செலுத்தினார்கள். போலியோவுக்கு ஜோனாஸ் சால்க் இதே வழியில்தான் வெற்றி கண்டிருந்தார். ஆகவே இந்த முறையில் யாருக்கும் பெரிய சந்தேகம் எழவில்லை. குளிர்காலம் வந்தது, வைரஸும் வந்தது. ஊசி போட்டுக்கொண்ட பின் தொற்று கண்ட 20 குழந்தைகளில் 16 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. இந்த ஊசி போடாத ஒப்பீட்டுக் குழுவில் தொற்று கண்ட 21 பேரில் ஒரே ஒரு குழந்தைதான் மருத்துவமனைக்குப் போனது. ஊசி பெற்ற குழந்தைகளில் இருவர் இறந்துபோனார்கள்.

காக்க வேண்டிய ஊசி நோயைக் கடுமையாக்கிவிட்டது. இதில் மருத்துவர்களைக் குழப்பியது இன்னொன்று. அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்கள் நிறையவே இருந்தன. வைரஸின் புரதங்களை அவை அடையாளம் கண்டு ஒட்டவும் செய்தன. ஒட்டினவே தவிர, வைரஸைத் தடுக்கவில்லை. நோய் கடுமையானதற்கு நோயெதிர்ப்பு மண்டலம் தவறான பாதையில் தூண்டப்பட்டது முதலான பல காரணங்கள் பின்னாளில் தெரியவந்தன. ஆனால் எதிர்ப்பொருள்கள் ஏன் கைவிட்டன என்ற கேள்விக்குச் சரியான விடை கிடைக்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. அந்த விடையைத் தந்தது ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட, வைரஸிலிருந்து தனியே பிரிந்து நின்ற ஒரே ஒரு புரதம். அதன் வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஏனென்றால் இன்று உலகெங்கும் ஆய்வகக் குளிர்பெட்டிகளில் சிறு குப்பிகளில் கிடக்கும் வைரஸ் மேற்பரப்புப் புரதங்கள் எல்லாவற்றுக்கும் அது பாடம் சொல்கிறது: அமினோ அமில வரிசை மட்டும் சரியாக இருந்தால் போதாது, அந்தப் புரதம் எந்த உருவத்தில் நிற்கிறது என்பதே முதல் கேள்வி.

கொழுப்புச் சவ்வு போர்த்திய வைரஸ்கள் பல உண்டு. ஃப்ளூ, எச்.ஐ.வி., எபோலா, நிபா, கொரோனா, ஆர்.எஸ்.வி. எல்லாமே அப்படிப்பட்டவை. அந்தச் சவ்விலிருந்து முட்களைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருப்பவைதான் மேற்பரப்புப் புரதங்கள். இவற்றின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் படர்ந்திருப்பதால் கிளைக்கோபுரதங்கள் என்கிறோம். நம் செல்லை அடையாளம் கண்டு பற்றிக்கொள்வதும், வைரஸின் சவ்வையும் செல்லின் சவ்வையும் ஒன்றாக இணைத்து உள்ளே வழி திறப்பதும் இவற்றின் வேலை. நம் நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் முதலில் படுவதும் இவையே.

இரண்டு சவ்வுகளை இணைப்பது எளிதான வேலை இல்லை. அதற்குப் பெரும் விசை வேண்டும். அந்த விசையை இந்தப் புரதம் தன் உடலுக்குள்ளேயே தேக்கி வைத்திருக்கிறது. வில்லை இழுத்துக் கொக்கியில் மாட்டி வைத்த எலிப்பொறி போல அது காத்து நிற்கிறது. தருணம் வந்ததும் மடங்கியிருந்த பகுதிகள் நீண்ட சுருளாக விரிந்து, நுனியை எதிரேயுள்ள சவ்வுக்குள் குத்தி, பின் தன் மேலேயே மடிந்து, இரண்டு சவ்வுகளையும் ஒன்றாக இழுத்து இணைத்துவிடுகிறது. ஒருமுறை விரிந்த புரதம் பழைய நிலைக்குத் திரும்பாது. பாய்வதற்கு முந்தைய உருவம் நிலையற்றது. பாய்ந்து முடிந்த உருவமோ மிக உறுதியானது. அதனால் சூடு, ஃபார்மலின், காலம் என்று எது பட்டாலும் இந்தப் புரதம் தானாகவே இரண்டாம் உருவத்துக்கு மாறிவிடப் பார்க்கும்.

1966-ல் அந்தக் குழந்தைகளுக்குச் செலுத்தப்பட்ட வைரஸ்களின் மேல் இருந்த, சவ்வுகளை இணைக்கும் எஃப் என்ற புரதம் பெரும்பாலும் பாய்ந்து முடிந்த உருவத்தில் இருந்தது. குழந்தைகளின் உடல் அந்தப் பழைய கூட்டைத்தான் எதிரியென்று கற்றுக்கொண்டது. உயிருள்ள வைரஸ் வந்தபோது அதன் மேல் நின்ற புரதம் வேறு முகத்தோடு இருந்தது.

மேற்பரப்புப் புரதத்தைத் தனியே பிரித்து ஆராய வேண்டும் என்ற எண்ணம் மரபணுத் தொழில்நுட்பத்துக்கும் முந்தையது. ஃப்ளூ வைரஸைக் கோழி முட்டைகளில் ஏராளமாக வளர்த்து, அன்னாசியிலிருந்து கிடைக்கும் புரோமெலின் என்ற நொதியால் அதன் மேலுள்ள ஹீமக்ளூட்டினின் புரதத்தை அடியோடு வெட்டி எடுத்தார்கள். அப்படி வெட்டியெடுத்ததைப் படிகமாக்கித்தான் 1981-ல் இயன் வில்சன், ஜான் ஸ்கெஹெல், டான் வைலி ஆகியோர் அதன் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டார்கள். வைரஸ் மேற்பரப்பு முள் ஒன்றின் அணு அளவிலான அமைப்பை மனிதர் கண்டது அப்போதுதான். ஆனால் எல்லா வைரஸையும் முட்டையில் வளர்க்க முடியாது. எபோலாவையும் நிபாவையும் நான்காம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகத்தில் மட்டுமே தொடலாம். இந்தியாவில் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தில் அத்தகைய வசதி இருக்கிறது. மற்ற இடங்களில் உள்ளவர்கள் என்ன செய்வது?

வைரஸை விட்டுவிட்டு, அந்த ஒரு புரதத்தின் மரபணுவை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் வழி. மறுசேர்க்கைப் புரதம் என்பது அதுவே. நோயைப் பரப்பும் ஆற்றல் அதற்குத் துளியும் இல்லை. சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தின் மேசையிலேயே வைத்துக் கையாளலாம்.

செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிக்கல்கள் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. முதலில் மரபணு வரிசையைக் கணினியில் வைத்துத் திருத்துகிறார்கள். புரதத்தைச் சவ்வில் ஊன்றி வைக்கும் அடிப்பகுதியை நீக்கிவிடுவார்கள். அது இருந்தால் புரதம் நீரில் கரையாது. ஆனால் அதை நீக்கினால் இன்னொரு தொல்லை வரும். இந்த முட்களில் பெரும்பாலானவை மூன்று மூன்றாகச் சேர்ந்து நிற்பவை. ஊன்றிய வேர் போனதும் மூன்றும் பிரிந்துவிடும். அதற்காக, பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்ற வைரஸிலிருந்து ஃபோல்டான் என்ற சிறு துண்டை எடுத்து அடியில் ஒட்டவைக்கிறார்கள். மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் வேலையை அது செய்கிறது. முன்பக்கத்தில், செல்லிலிருந்து வெளியே அனுப்பு என்று ஆணையிடும் சிறு தொடர் ஒன்று. கடைக்கோடியில் ஆறோ எட்டோ ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள். நிக்கல் அயனிகளை ஹிஸ்டிடின் பற்றிக்கொள்ளும் என்பதால், ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்த கரைசலை நிக்கல் நிரப்பிய குழாய் வழியே விட்டால் நமக்கு வேண்டியது மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு இமிடசோல் கரைசலை ஊற்றிக் கழற்றி எடுக்கலாம்.

இந்த மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற வளைய டி.என்.ஏ.வில் செருகி, ஒரு செல்லுக்குள் செலுத்த வேண்டும். எந்தச் செல்? இங்கேதான் சர்க்கரை குறுக்கே வருகிறது. புரதத் தொழிற்சாலையாக எங்கும் பயன்படும் ஈ.கோலை பாக்டீரியா மலிவானது, வேகமானது. ஆனால் நம் செல்கள் சேர்ப்பதுபோலப் புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகளைச் சேர்க்க அதற்குத் தெரியாது. வைரஸ் முட்களில் பெரும்பாலானவை சர்க்கரை இல்லாமல் சரியாக மடிவதே இல்லை. உருக்குலைந்த கட்டிகளாகத் தேங்கிவிடும். ஈஸ்ட் சர்க்கரையைச் சேர்க்கும், ஆனால் மேனோஸ் என்ற ஒரே வகையை அளவுக்கு மீறிச் சேர்த்துவிடும். பூச்சிச் செல்கள் குட்டையான, எளிய சங்கிலிகளைச் சேர்க்கும். மனித உடலில் வைரஸ் போர்த்திக்கொள்ளும் அதே வகைச் சர்க்கரை வேண்டுமென்றால் மனிதச் செல்லுக்கோ பிற பாலூட்டிச் செல்லுக்கோதான் போக வேண்டும். ஆய்வகங்களில் பெரிதும் புழங்குவது எச்.ஈ.கே. 293 என்ற செல் வரிசை. 1973-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் உருவானது. அதை உருவாக்கிய ஃபிராங்க் கிரஹாமின் 293-ஆவது சோதனை என்பதால் அந்த எண். மருந்துத் தொழிலில் பெரும்பாலும் சீன ஹாம்ஸ்டரின் சூலகத்திலிருந்து வந்த செல்களே ஆளுகின்றன.

சர்க்கரையை வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது. கோவிட் வைரஸின் ஸ்பைக் புரதத்தின் ஒவ்வொரு அலகிலும் சர்க்கரை ஏறும் இடங்கள் 22. மூன்று அலகு சேர்ந்த முள்ளில் 66. எச்.ஐ.வி.யின் ஜிபி120 புரதத்தின் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரையே. நம் உடலின் சர்க்கரைகளையே போர்த்திக்கொள்வதால் நோயெதிர்ப்பு மண்டலத்தின் பார்வையிலிருந்து வைரஸ் தப்பிக்கிறது. அதோடு, கோவிட் ஸ்பைக்கில் 165, 234 என்ற இடங்களில் அமர்ந்த சர்க்கரைச் சங்கிலிகள், செல்லைப் பற்றும் பகுதி நிமிர்ந்து நிற்க முட்டுக் கொடுக்கின்றன என்பதையும் கணினி உருவகங்கள் காட்டின. தவறான செல்லில் தயாரித்தால், ஆராயும் பொருளே வேறாகிவிடும் அபாயம் உண்டு.

ஆனாலும் இதை ஒரு விதியாகச் சொல்லிவிட முடியாது. ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை ஈஸ்ட்டில் தயாரித்தால் அதன்மேல் சர்க்கரை ஏறுவதில்லை. இருந்தும் அந்தப் புரதங்கள் தாமாகவே கூடி உருண்டைத் துகள்களாகி, அருமையான தடுப்பூசியாகின்றன. 1986-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த ஊசிதான் மனிதருக்குக் கிடைத்த முதல் மறுசேர்க்கைத் தடுப்பூசி. இன்று பிறந்த குழந்தைக்கு முதல் நாளே போடுகிறோமே, அந்த வகை. இன்னொரு உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 2022 மார்ச் முதல் நம் பள்ளிகளில் 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் போடப்பட்ட கோர்பேவாக்ஸில் இருப்பது, ஸ்பைக்கின் முழு உருவம் அல்ல. செல்லைப் பற்றும் சிறு பகுதி மட்டும். ஹூஸ்டனில் பீட்டர் ஹோட்டஸ், மரியா எலேனா பொட்டாஸி குழுவினர் ஈஸ்ட்டுக்கென்றே அதை வடிவமைத்தார்கள். ஈஸ்ட் அளவுக்கு மீறிச் சர்க்கரை ஏற்றக்கூடிய ஓரிடத்தை வரிசையிலிருந்தே நீக்கினார்கள். இரண்டு புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளக் காரணமான ஒரு சிஸ்டீனை மாற்றினார்கள். பிறகு ஹைதராபாத்தின் பயலாஜிக்கல் ஈ நிறுவனம் அதைப் பெருமளவில் தயாரித்தது. காப்புரிமைச் சுவர் எழுப்பாமல் கொடுத்தார்கள் என்பதை நான் நன்றியோடு நினைக்கிறேன். மலிவான ஈஸ்ட்டில் தயாரிக்க முடிந்ததால்தான் அத்தனை பிள்ளைகளுக்கு அது எட்டியது.

இந்தத் துறையின் பெரிய தோல்வி எச்.ஐ.வி.யில் நேர்ந்தது. ஜிபி120 புரதத்தைத் தனியாகத் தயாரித்துத் தடுப்பூசியாகப் பல்லாயிரம் பேரிடம் சோதித்தார்கள். 2003-ல் முடிவுகள் வந்தன: பாதுகாப்பு கிடைக்கவில்லை. எதிர்ப்பொருள்கள் உண்டாயின; தனித்து நின்ற ஜிபி120-ஐ அவை நன்றாகவே பிடித்தன. ஆனால் வைரஸின் மேல் ஜிபி120 தனித்து நிற்பதில்லை. மூன்று ஜிபி120-கள், ஜிபி41 என்ற இன்னொரு புரதத்தின் மூன்று அலகுகளோடு இறுகச் சேர்ந்துதான் நிற்கின்றன. தனியாக நிற்கும்போது வெளியே தெரிகிற பல பரப்புகள், சேர்ந்து நிற்கும்போது உள்ளே மறைந்துவிடும். நோயெதிர்ப்பு மண்டலம் அந்த மறைவான பரப்புகளுக்கு எதிராகப் பெருமுயற்சி செய்தது வீணாயிற்று. இதைச் சரிசெய்ய ஜான் மூர், ரோஜியர் சாண்டர்ஸ் போன்றோர் இரண்டு மாற்றங்களைச் செய்தார்கள். இரண்டு புரதங்களுக்கும் இடையே ஒரு டைசல்பைடு பிணைப்பைப் போட்டார்கள். 559-ஆம் இடத்தில் ஐசோலூசினை எடுத்துவிட்டுப் புரோலினை வைத்தார்கள். அந்தப் புரோலின் தந்திரம் பின்னாளில் உலகத்தையே காக்க வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆர்.எஸ்.வி.க்கு வருவோம். 1998-ல் பாலிவிசுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்து வந்தது. எஃப் புரதத்தின் இரண்டு உருவங்களிலும் மாறாமல் இருக்கிற ஓரிடத்தை அது பிடிக்கும். மாதாமாதம் போட வேண்டும், விலையும் அதிகம். குறைப்பிரசவக் குழந்தைகள் போன்ற சிலருக்கு மட்டுமே அது கிடைத்தது. 2012-ல் மத்ரித்தில் ஹோசே மெலேரோவின் குழு ஓர் அழகான சோதனை செய்தது. மனித ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் கலவையை, பாய்ந்து முடிந்த உருவத்திலுள்ள எஃப் புரதத்தோடு கலந்து, அதனோடு ஒட்டியவற்றையெல்லாம் நீக்கிவிட்டார்கள். மிச்சமிருந்த கலவை வைரஸைத் தடுக்குமா என்று பார்த்தார்கள். தடுக்கும் ஆற்றலில் பெரும்பகுதி அப்படியே இருந்தது! இயற்கையாக நோய் கண்டு குணமானவர்களிடம் இருந்த வலுவான எதிர்ப்பொருள்கள், பாய்வதற்கு முந்தைய உருவத்தை மட்டுமே குறிவைத்தன என்பது தெளிவாயிற்று. ஆய்வகத்தில் தயாரித்த ஒரு புரதத்தைச் சல்லடையாக வைத்து இப்படியொரு உண்மையைப் பிரித்தெடுத்த அந்த நுட்பம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

ஆனால் அந்த முந்தைய உருவம் எப்படி இருக்கும்? யாரும் பார்த்ததில்லை. தயாரித்துப் படிகமாக்கும் முன்பே அது பாய்ந்து முடிந்துவிடும். அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தடுப்பூசி ஆய்வு மையத்தில் 2008-ல் ஜேசன் மெக்லெலன் என்ற இளம் ஆய்வாளர் எச்.ஐ.வி. அமைப்புகளை ஆராயும் பீட்டர் க்வாங்கின் குழுவில் சேர்ந்தார். அங்கே இடம் போதாததால் வேறு தளத்தில், ஆர்.எஸ்.வி.யில் பல ஆண்டு உழைத்த பார்னி கிரஹாமின் ஆய்வகத்தை ஒட்டி அவருக்கு இடம் கிடைத்தது. அந்தப் பழக்கத்தில் இருவரும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள்.

அவர்களுக்கு வழி திறந்தது டி25 என்ற மனித எதிர்ப்பொருள். நெதர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது, பாலிவிசுமாபைவிடப் பல மடங்கு வலிமை கொண்டது, பாய்ந்து முடிந்த எஃப் புரதத்தில் ஒட்டவே ஒட்டாது. அப்படியானால் அது பிடிப்பது முந்தைய உருவத்தைத்தான். எஃப் புரதத்தையும் டி25-ஐயும் ஒரே செல்லில் ஒன்றாகத் தயாரித்தார்கள். புரதம் உருவாகும்போதே எதிர்ப்பொருள் வந்து உச்சியைப் பிடித்துக்கொண்டது. அது பாய முடியவில்லை. அந்த நிலையிலேயே படிகமாக்கினார்கள். 2013 மே மாதம் அமைப்பு வெளியானது. உச்சியில், பாய்ந்து முடிந்த உருவத்தில் சிதறிப்போகிற ஓரிடத்தில், டி25 அமர்ந்திருந்தது. உடல் அதுவரை காட்டியிருந்த மிக வலுவான எதிர்ப்பின் முகவரி அதுதான்.

அடுத்த வேலை, எதிர்ப்பொருளின் பிடி இல்லாமலேயே புரதத்தை அந்த நிலையில் நிறுத்துவது. அமைப்பு கையில் இருந்ததால் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்தது. 155, 290 என்ற இரண்டு இடங்களில் செரினை எடுத்துவிட்டுச் சிஸ்டீன்களை வைத்தால், முந்தைய உருவத்தில் அவை அருகருகே வந்து டைசல்பைடு பிணைப்பாகும். விரிய வேண்டிய பகுதி கட்டுண்டு நிற்கும். புரதத்தின் உள்ளே வெற்றிடமாக இருந்த ஒரு குழிவை, 190-ஆம் இடத்தில் ஃபீனைல்அலனின் என்ற பெரிய அமினோ அமிலத்தையும் 207-இல் லூசினையும் வைத்து நிரப்பினார்கள். நான்கே மாற்றங்கள். டிஎஸ்-கேவ்1 என்று பெயர். அதே ஆண்டு நவம்பரில் எலிகளிலும் குரங்குகளிலும் அது தந்த பலன் வெளியானது. 2019-ல் மனிதர்களில் நடந்த முதல் சோதனை முடிவுகளின்படி, அதிக அளவு ஊசி பெற்றவர்களின் ரத்தத்தில் வைரஸைத் தடுக்கும் ஆற்றல் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தது. 2023 மே மாதம், முதியோருக்கான இரண்டு ஆர்.எஸ்.வி. தடுப்பூசிகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஆகஸ்டில் அவற்றில் ஒன்றைக் கருவுற்ற தாய்மார்களுக்குப் போடவும் அனுமதி கிடைத்தது. தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய், பிறந்த முதல் மாதங்களில் காக்கின்றன. டி25-ஐயே மேம்படுத்தியதுதான் இன்று குழந்தைகளுக்கு ஒரே ஊசியாகப் போடும் நிர்செவிமாப்.

புரோலினைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அமினோ அமிலங்களில் புரோலின் தனிப் பிறவி. அதன் பக்கக்கிளை வளைந்து வந்து முதுகெலும்புச் சங்கிலியிலேயே இணைந்துகொள்வதால், சங்கிலி அந்த இடத்தில் விருப்பம்போலத் திரும்ப முடியாது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பவே முடியாது என்பதை 1963-ல் வரைபடமாக்கிக் காட்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவர். இன்றும் எந்த ஆய்வகத்தில் ஒரு புரத அமைப்பைக் கண்டறிந்தாலும், அது நம்பத்தக்கதுதானா என்று ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்த்த பிறகே வெளியிடுகிறார்கள். அந்த வரைபடத்தில் புரோலினுக்கு ஒதுக்கப்பட்ட இடம் மிகக் குறுகியது. ஒரு முள் பாயும்போது, வளைவாக இருந்த ஒரு பகுதி நேராகி நீண்ட சுருளாக மாற வேண்டும். அந்த வளைவில் புரோலினை வைத்துவிட்டால் சுருள் அங்கே முறிந்துவிடும்; நேராக முடியாது; பாயவும் முடியாது.

எச்.ஐ.வி.யில் கண்ட இந்த உத்தியை மெக்லெலனின் குழுவில் நியான்ஷுவாங் வாங் மெர்ஸ் கொரோனா வைரஸின் ஸ்பைக்குக்குப் பொருத்திப் பார்த்தார். அடுத்தடுத்து இரண்டு புரோலின்கள். புரதம் நிலைத்தது, விளைச்சலும் பெருகியது. 2017-ல் அதை வெளியிட்டார்கள். மெர்ஸ் அப்போது பெரிதாகப் பரவவில்லை என்பதால் உலகம் கவனிக்கவில்லை. 2020 ஜனவரியில் சீனாவிலிருந்து புதிய வைரஸின் மரபணு வரிசை வெளியானதும், எந்த இரண்டு இடங்களில் கை வைக்க வேண்டும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது: 986, 987. பிப்ரவரி 19-ஆம் தேதி அந்த ஸ்பைக்கின் அமைப்பு வெளியாகிவிட்டது. மாடர்னா, ஃபைசர், ஜான்சன், நோவாவேக்ஸ் ஊசிகள் அந்த இரண்டு புரோலின்களோடுதான் வந்தன. நாம் பெரும்பாலும் போட்டுக்கொண்ட கோவிஷீல்டில் அவை இல்லை. மாற்றப்படாத ஸ்பைக்கின் மரபணுவே அதில் இருந்தது. அதுவும் உயிர்களைக் காத்தது. எனவே இந்த உத்தி இல்லாமல் தடுப்பூசியே இல்லை என்று சொல்வது மிகையாகும். ஆனால் ஆய்வகத்தில் ஸ்பைக்கைத் தயாரித்து வைக்க முடிந்தது இதனால்தான் என்பதில் ஐயமில்லை. பிறகு ஆறு புரோலின்களோடு வந்த ஹெக்ஸாப்ரோ வடிவம், இரண்டு புரோலின் வடிவத்தைவிடப் பத்து மடங்கு விளைச்சல் தந்தது.

2020 மார்ச்சில் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் ஃபுளோரியன் கிராமரின் குழு, நிலைப்படுத்திய ஸ்பைக்கையும் செல்லைப் பற்றும் பகுதியையும் தயாரித்து, அவற்றை வைத்து எலைசா எனும் ரத்தப் பரிசோதனையை உருவாக்கியது. செய்முறையை வரிவிடாமல் வெளியிட்டார்கள். பிளாஸ்மிட்களை உலகெங்கும் கேட்டவர்களுக்கு அனுப்பினார்கள். ஓர் ஊரில் எத்தனை பேருக்குத் தொற்று வந்துபோயிற்று என்பதைப் பல நாடுகளில் அளக்க முடிந்தது அந்தத் தாராளத்தால். நூறு மைக்ரோகிராம் புரதத்துக்கே பெருந்தொகை கேட்கும் சந்தை நடுவே, சொந்தமாகத் தயாரித்துக்கொள்ள ஒரு பிளாஸ்மிட் கிடைப்பது சிறு ஆய்வகத்துக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை அத்துறையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

வாங்கினாலும் தயாரித்தாலும், பரிசோதனை இல்லாமல் ஒரு குப்பியை நம்பக் கூடாது. ஜெல்லில் ஓட்டினால் எடை சரியா, தூய்மையா என்று தெரியும். ஆனால் அதற்காகப் புரதத்தை முன்பே உருக்குலைத்துவிடுகிறோம், உருவம் அதில் தெரியாது. அளவுவாரியாகப் பிரிக்கும் குழாயில் விட்டால் மூன்றாகச் சேர்ந்து நிற்கிறதா, கட்டிகட்டியாகிவிட்டதா என்பது தெரியும். முந்தைய உருவத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளோடு ஒட்டுகிறதா என்று பார்ப்பதே உரைகல். எஃப் புரதமென்றால் டி25. குளிர்பெட்டியும் துரோகம் செய்யும். பொதுவாகப் புரதத்தைக் குளிரில் வைத்தால் கெடாது என்று நம்புகிறோம். ஆனால் இரண்டு புரோலின் ஸ்பைக்கை 4 டிகிரியில் வைத்திருந்தால் அதன் அமைப்பு தளர்ந்துபோவதையும், 37 டிகிரியில் சிறிது நேரம் வைத்தால் மீண்டும் சேர்ந்துகொள்வதையும் பிரியம்வதா ஆச்சார்யாவின் குழு 2021-ல் காட்டியது. அதற்கு முன் எத்தனை ஆய்வகங்கள் தளர்ந்த ஸ்பைக்கை வைத்து அளந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே கவலையாக இருக்கிறது. ஒட்டும் எதிர்ப்பொருளின் அளவு அதிகம் என்று அறிக்கை வரும்போதெல்லாம், எந்த உருவத்தோடு ஒட்டியது என்று கேட்காமல் அதை ஏற்கக் கூடாது. 1966-லும் ஒட்டும் அளவு அதிகமாகத்தான் இருந்தது.

2019-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேரின் இறப்புக்கு ஆர்.எஸ்.வி. காரணம். அதில் 97 சதவீதம் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். தாய்மாருக்கான ஊசியை எல்லா நாடுகளும் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் இதுவரை அதிகம் கிடைத்தது பணக்கார நாடுகளின் தாய்மாருக்கே. ஹெபடைட்டிஸ் பி ஊசியும் ஒரு காலத்தில் இப்படித்தான் எட்டாத விலையில் இருந்தது. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் உள்நாட்டிலேயே தயாரிக்கத் தொடங்கிய பின் விலை சரிந்தது. ஆர்.எஸ்.வி. எஃப் புரதத்துக்கும் அப்படியொரு முயற்சி இங்கே நடக்க வேண்டும். ஹாம்ஸ்டர் செல்களில் புரதம் தயாரிக்கும் திறமை இந்திய நிறுவனங்களிடம் இல்லாததில்லை.

இதே கைவேலை இப்போது நமக்கு அண்டையில் உள்ள ஒரு வைரஸை நோக்கித் திரும்பியிருக்கிறது. 2018-ல் கோழிக்கோட்டில் தலைகாட்டிய நிபா, அதன் பின்னும் கேரளத்துக்குப் பல முறை வந்துவிட்டது. நிபாவின் மேல் இரண்டு முட்கள்: செல்லைப் பற்றும் ஜி, சவ்வை இணைக்கும் எஃப். அதன் நெருங்கிய உறவான ஹெண்ட்ரா வைரஸின் ஜி புரதத்தைத் தனியே தயாரித்து, ஆஸ்திரேலியாவில் 2012 முதல் குதிரைகளுக்குத் தடுப்பூசியாகப் போடுகிறார்கள். அதே ஜி புரதத்தைத் தூண்டிலாக வைத்துத்தான் எம்102.4 என்ற மனித எதிர்ப்பொருளும் கண்டெடுக்கப்பட்டது. அது நிபாவையும் தடுக்கிறது. எஃப் புரதத்தில் இன்னொரு குழு வேலை செய்தது. ஆர்.எஸ்.வி.யில் கற்ற டைசல்பைடு பிணைப்பு, குழிவு நிரப்புதல், எச்.ஐ.வி.யில் கற்ற புரோலின் ஆகிய மூன்றையும் சேர்த்து அதைப் பாயும் முன்பே நிறுத்திவிட்டார்கள். அந்த எஃப்-ஐயும் ஜி-யையும் ஒன்றாக இணைத்த வடிவத்தின் எம்.ஆர்.என்.ஏ. ஊசி, 2022 ஜூலையில் பெதஸ்டாவில் முதல் கட்ட மனிதச் சோதனைக்கு வந்தது.